தோலின் வியாதியும் மனதின் பாரமும்



தோல் சிகிச்சைப் பிரிவுக்கென்று மனநல ஆலோசகர் ஒருவரை நியமித்திருக்கிறோம் என்று சென்ற மடலில் எழுதியிருந்தோம். அதைப் படித்த சிலர், "சொறி சிரங்குக்குக் களிம்பு போட ஆலோசகர் எதற்கு? அந்தப் பணத்தில் மருந்து வாங்கலாமே" என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். காணிக்கை கொடுக்கிறவர்களுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. ஆகையால் இந்த மடலில் அதையே எடுத்துக்கொள்ளுகிறோம். நாங்கள் வைத்தியர்கள் அல்ல. ஆனாலும் பல வருஷங்களாக வார்டுகளில் கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டதையும், டாக்டர்களிடம் விசாரித்து அறிந்ததையும் சேர்த்துச் சொல்லுகிறோம். வியாதியஸ்தர்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

தோலுக்கும் மனதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் தங்கள் சொந்த சரீரத்தைக் கவனித்தாலே போதும். வெட்கப்பட்டால் முகம் சிவக்கிறது. பரீட்சை மண்டபத்தில் உள்ளங்கை வியர்க்கிறது. பயந்தால் மயிர்க்கூச்செறிகிறது. தாயின் கர்ப்பத்தில் கரு உருவாகும் முதல் வாரங்களிலேயே அது மூன்று அடுக்குகளாகப் பிரிகிறதாம். அவற்றில் வெளி அடுக்கிலிருந்துதான் நம்முடைய மேல்தோலும் உண்டாகிறது, மூளையும் நரம்புகளும் உண்டாகின்றன. பிறப்பதற்கு முன்னமே ஒன்றாய் இருந்தவை என்று எங்கள் தோல் மருத்துவர் சொல்லுவார். பெரியவர் ஒருவருடைய தோலை விரித்தால் ஏறக்குறைய 20 சதுர அடி வரும். அவ்வளவு இடத்திலும் நரம்பு முனைகள் பரவியிருக்கின்றன.

கவலையும் கலக்கமும் நீடிக்கும்போது மூளை கட்டளையிட, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற பொருளை அதிகமாகச் சுரக்கின்றன. தோலிலுள்ள நரம்பு முனைகளும் சில ரசாயனங்களை வெளியிடுகின்றன. இவை தோலுக்குள் இருக்கும் சில அணுக்களைத் தூண்டிவிட, ஹிஸ்டமின் வெளிப்பட்டு அரிப்பும் தடிப்பும் வருகின்றன. தோலின் மேல் வேலியும் பலவீனப்படுகிறது. புண் ஆறவும் நாளாகிறது. இது வெறும் ஊகம் அல்ல. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஞாபகம் தப்பிப்போன உறவினர்களை இரவும் பகலும் பராமரித்துவந்த 13 பெண்களையும், அப்படிப்பட்ட பாரம் இல்லாத 13 பெண்களையும் வைத்து ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். ஒவ்வொருவருடைய கையிலும் ஒரே அளவான மிகச் சிறிய காயம் உண்டாக்கி, ஆறும் நாளை எண்ணினார்கள். பராமரிக்கும் பெண்களுக்கு ஏறக்குறைய 9 நாட்கள் அதிகமாகப் பிடித்தது. இது 1995-இல் வெளிவந்தது. வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கு விரல் புண் ஆறவில்லை என்றால், அவளுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது.

கரப்பான் வந்தவர்களின் கதை இதைவிடக் கஷ்டமானது. அரிக்கிறது, சொறிகிறார்கள், சொறிவதால் தோல் கிழிந்து மேலும் அரிக்கிறது, இரவு தூக்கம் கெடுகிறது, தூக்கமில்லாததால் எரிச்சலும் சோர்வும், அந்தச் சோர்வில் மறுபடியும் அரிப்பு. சில மாதங்களில் அந்த இடம் தடித்து, கோடு கோடாகி, யானைத் தோல் போல் ஆகிவிடுகிறது. "சொறியாதே" என்று வீட்டார் நாளைக்கு நூறுதரம் சொல்லுகிறார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். அரிப்பு எழும்பும்போது கையை மூடி, இறுக்கமாய் 30 விநாடி வைத்திருந்து, பிறகு அரிக்கிற இடத்தை நகம் படாமல் மெல்ல அழுத்தும்படி ஆலோசகர் சொல்லிக்கொடுக்கிறார். கேட்கச் சிறுபிள்ளை விளையாட்டுப் போலிருக்கும். ஆனால் களிம்போடு இதையும் சேர்த்துச் செய்கிறவர்களுக்குக் களிம்பு நன்றாய் வேலை செய்கிறது.

சொரியாசிஸ் என்கிற காளாஞ்சகப்படையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்முடைய மேல்தோலின் அணுக்கள் பிறந்து, மேலே வந்து, உதிர ஏறக்குறைய 28 நாட்கள் ஆகும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு அது மூன்று முதல் ஐந்து நாட்களில் நடந்துவிடுகிறது. ஆகவே சிவந்த திட்டுகளின்மேல் வெள்ளிச் செதில் செதிலாய்ப் படிந்து உதிர்கிறது. இது சரீரத்தின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறுவதால் வருவது. கிருமியினால் வருவதல்ல, ஒட்டாது.

இந்த வியாதியோடு ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் எங்களிடம் வந்தார். நடுத்தர வயது. மே மாத வெயிலிலும் மணிக்கட்டு வரை மூடிய முழுக்கைச் சட்டை. காலையில் எழுந்தவுடன் மனைவி பார்ப்பதற்கு முன் படுக்கை விரிப்பை உதறிவிட்டு, தரையைத் தாமே கூட்டிவிடுவாராம். முடிவெட்டுகிற கடையில் ஒருநாள், "சார், மற்ற கஸ்டமர்கள் பார்க்கிறாங்க" என்று சொல்லப்பட்ட பிறகு அங்கே போகவில்லை. வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். யாரும் சொல்லவில்லை, அவராகவே எடுத்து வைத்துக்கொண்டார். சபையில் திருவிருந்து ஞாயிறு வந்தால் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிடுவார். பொதுப் பாத்திரத்தில் அவர் வாய் வைத்த பிறகு அடுத்து நின்றவர் துணியால் துடைத்ததைப் பார்த்துவிட்டாராம். "நான் அந்தப் பாத்திரத்தைக் கெடுக்க வேண்டாம், ஐயா" என்றார். அவருடைய முழங்கைத் திட்டுகளுக்கு மருந்து எழுதிக்கொடுத்து அனுப்பியிருந்தால் அன்றைய வேலை முடிந்திருக்கும். இந்த விஷயம் எதுவும் சீட்டில் ஏறியிருக்காது.

சீட்டில் ஏறாததை ஏற்றுவதற்கு ஒரு கருவி உண்டு. 1994-இல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரத்தில் டாக்டர் ஃபின்லேயும் டாக்டர் கானும் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்தார்கள். கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு அரித்தது, எவ்வளவு கூச்சப்பட்டீர்கள், கடைக்குப் போவது தடைப்பட்டதா, எந்த உடை உடுத்துவது என்பதை வியாதி தீர்மானித்ததா, வேலைக்கு இடைஞ்சலா, நண்பரோடும் உறவினரோடும் சிக்கலா, கணவன் மனைவி உறவில் கஷ்டமா, சிகிச்சையே தொந்தரவாயிருக்கிறதா என்று கேட்கும். மொத்தம் 30 மதிப்பெண். பரீட்சைக்கு எதிர்மாறாக, இதில் மதிப்பெண் கூடக் கூட ஆபத்து. திட்டு சிறிதாயிருந்தும் மதிப்பெண் மிக அதிகமாய் வருகிறவர்கள் உண்டு. அவர்களைத்தான் ஆலோசகர் முதலில் அழைக்கிறார்.

ஆசிரியரிடம் அவர் இன்னொரு கேள்வியும் கேட்டார்: "வாழ்ந்தது போதும் என்று எப்போதாவது தோன்றியதுண்டா?" ஆசிரியர் வெகுநேரம் பேசாமலிருந்து, பிறகு தலையசைத்தார். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைப்பது போலாகாதா என்று சில பங்காளர்கள் நினைக்கக்கூடும். அப்படி ஆகாது, கேட்பதால் ஆபத்துக் கூடுவதில்லை என்பது மனநல மருத்துவத்தில் தெளிவாகத் தெரிந்த காரியம். அவருக்குச் சோர்வு நோய் என்று மனநல மருத்துவர் கண்டு, அதற்கும் மருந்து தொடங்கினார். ஐரோப்பாவில் 13 நாடுகளில் 3,600-க்கும் மேற்பட்ட தோல் வியாதியஸ்தர்களை விசாரித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 100-க்கு 10 பேருக்குச் சோர்வு நோய் இருந்தது. தோல் வியாதி இல்லாதவர்களில் அது 100-க்கு 4 பேர்தான். தற்கொலை எண்ணமும் தோல் வியாதியஸ்தர்களிடமே அதிகமாய் இருந்தது. மேலும், சொரியாசிஸில் தோலை அழற்றுகிற அதே ரசாயனங்கள் இரத்தத்தில் சுற்றி மூளையையும் பாதிக்கின்றன என்று இப்பொழுது அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆகவே அவருடைய துக்கம் முழுவதும் ஊரார் பார்வையினால் வந்தது என்றும் சொல்லிவிட முடியாது.

வெண்புள்ளி வேறு விதமான சுமை. அதற்கு வலி இல்லை, பெரும்பாலும் அரிப்பும் இல்லை, உயிருக்கு ஆபத்தும் இல்லை. தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்களைச் சரீரத்தின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் அந்த இடம் வெளுக்கிறது, அவ்வளவுதான். தொழுநோய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் நம்முடைய ஜனங்கள் காலாகாலமாய் இதை "வெண்குஷ்டம்" என்று சொல்லிவந்தார்கள். அந்த ஒரு சொல் எத்தனை கல்யாணங்களை நிறுத்தியிருக்கிறது என்பதற்குக் கணக்கு இல்லை. இனி "வெண்புள்ளி" என்றே சொல்ல வேண்டும் என்று தமிழக அரசு 2010-இல் ஆணையிட்டது. ஆணை வந்தும் கிணற்றடியிலும் கல்யாணத் தரகரின் வாயிலும் பழைய பேரே இருக்கிறது. மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்று நம்பி, பத்தியம் என்ற பேரில் பால், மீன், முட்டை, புளி எல்லாவற்றையும் நிறுத்தி, வளருகிற பெண் பிள்ளையை மெலிய வைத்துக் கூட்டிவருகிற தாய்மார் உண்டு. பிள்ளைக்கு முதலில் சோறு போடும்படி சொல்லுகிறோம். அக்காளுக்கு வெண்புள்ளி என்று தெரிந்தால் தங்கைக்கும் வரன் வராது என்று, உறவினர் வரும்போதெல்லாம் உள் அறையில் இருக்கும்படி பழக்கப்பட்ட ஒரு பெண், எங்கள் ஆலோசகரோடு மூன்றாம் முறை பேசும்போதுதான் முகத்தை நிமிர்த்தினாள்.

இங்கே வேத புத்தகத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தில் வரும் எபிரெயச் சொல் இன்று நாம் அறிந்த தொழுநோயை மட்டும் குறிப்பதல்ல என்பது வேத பண்டிதர்களின் பொதுவான கருத்து. பலவிதமான தோல் மாற்றங்களுக்கு அந்த ஒரே சொல் வழங்கியிருக்கிறது. அது வஸ்திரத்துக்கு வருவதாக அங்கேயும், வீட்டுச் சுவருக்கு வருவதாக அடுத்த அதிகாரத்திலும்கூட எழுதியிருப்பதைக் கவனியுங்கள். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு அதைக் குஷ்டரோகம் என்றது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு தொழுநோய் என்றது. எந்தச் சொல்லானாலும், பிரசங்க பீடத்திலிருந்து அதைப் பாவத்துக்கு உவமையாக எடுத்து அடுக்கும்போது, கடைசி வரிசையில் முழுக்கைச் சட்டையோடு யார் உட்கார்ந்திருக்கிறார் என்று போதகருக்குத் தெரியாது. அந்த உவமையை விட்டுவிடலாம் என்பது எங்கள் அபிப்பிராயம். பிரசங்கத்துக்கு வேறு உவமைகள் ஏராளமாய் உண்டு.

தொழுநோயைப் பொறுத்தமட்டில், 1981-இல் உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து வந்த பிறகு அது முழுவதும் குணமாகும் வியாதி. 6 மாதம் அல்லது 12 மாதம் மாத்திரை, இலவசம். ஆனால் அதிலுள்ள குளோஃபாசிமின் என்ற மாத்திரை தோலைக் கருஞ்சிவப்பாக்கும். மருந்து முடிந்த பிறகு நிறம் மெல்லத் திரும்பிவிடும். அதற்குள் அக்கம்பக்கத்தார், "என்ன, இப்படிக் கறுத்துப்போயிட்டே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தினால் நரம்பு கெடும், விரல் மடங்கும். இங்கே மனதின் கலக்கம் நேராகக் கையை ஊனமாக்குகிறது. வேலூரிலும் கரிகிரியிலும் மடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்டு இதை அந்நாளிலேயே கண்டார். கை சரியாகியும் முகத்தைப் பார்த்து ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. ஆகையால் அவரும் அவரோடு இருந்தவர்களும் உதிர்ந்த புருவத்தையும் உள்வாங்கிய மூக்கையும் சரிசெய்யத் தொடங்கினார்கள். அழகுக்கான வேலை என்று அதைத் தள்ளவில்லை. சட்டமோ வெகு தாமதமாகத்தான் வந்தது. 1898-ஆம் வருஷத்துத் தொழுநோயாளர் சட்டம் நீக்கப்பட்டது 2016-இல். தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி நீக்கப்பட்டது 2019-இல்.

இதுவரை தோலிலிருந்து மனதுக்குப் போகும் பாதையைச் சொன்னோம். மனதிலிருந்து தோலுக்கு வரும் பாதையும் உண்டு. தன் தலைமயிரைத் தானே பிடுங்கி வழுக்கை உண்டாக்கிக்கொள்ளும் பிள்ளைகள், கை கழுவிக் கழுவித் தோல் வெடித்தவர்கள், முகப்பருவைக் கிள்ளிக் கிள்ளித் தழும்பாக்கியவர்கள் தோல் மருத்துவரிடம்தான் முதலில் வருகிறார்கள். தோலுக்கடியில் பூச்சி ஊருகிறது என்று உறுதியாய் நம்புகிறவர்களும் வருகிறார்கள். சுவீடன் தேசத்து டாக்டர் எக்பாம் 1938-இல் இதை விவரமாக எழுதினார். பிடித்த பூச்சி என்று சொல்லி ஒரு தீப்பெட்டியில் நூல், தோல் துணுக்கு முதலியவற்றைப் போட்டுக் கொண்டுவருவார்கள். மருத்துவர்கள் இதற்குத் தீப்பெட்டி அடையாளம் என்றே பேர் வைத்திருக்கிறார்கள். இவர்களிடம் "ஒன்றும் இல்லை, உன் பிரமை" என்று சொன்னால் மறுபடி வரமாட்டார்கள். தீப்பெட்டியைத் திறந்து பொறுமையாய்ப் பார்க்க வேண்டும். தூக்கம் கெட்டதைக் குறித்து விசாரிக்க வேண்டும். அங்கிருந்துதான் மனநல மருந்துக்கு வழி திறக்கும்.

இன்னொரு வகையில் இரண்டும் ஒரே குறைவினால் கெடுகின்றன. பெல்லாக்ரா என்ற வியாதியில் வெயில் படும் இடமெல்லாம், விசேஷமாகக் கழுத்தைச் சுற்றி மாலை போட்டாற்போல், தோல் கறுத்து உரியும்; வயிறு போகும்; கடைசியில் புத்தி பேதலிக்கும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மக்காச்சோளத்தையே தின்று வாழ்ந்த ஏழைகளில் எத்தனையோ பேர் இதனால் மனநோய் விடுதிகளில் அடைக்கப்பட்டார்கள். தொற்று வியாதி என்றார்கள், பரம்பரை என்றார்கள். உணவுக் குறைவே காரணம் என்று டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர் 1915 வாக்கில் நிரூபித்தார். நயாசின் என்ற வைட்டமின்தான் அந்தக் குறைவு என்பது 1937-இல் தெரியவந்தது. இன்று நம்மிடம் இதோடு வருகிறவர்கள் பெரும்பாலும் குடியினால் சாப்பாட்டை மறந்தவர்கள். "பைத்தியம் பிடித்துவிட்டது" என்று கூட்டிவரப்பட்ட ஒருவரின் கழுத்தைப் பார்த்தே நர்ஸ் சந்தேகப்பட்டார். விலை மலிவான மாத்திரையிலும் முட்டையிலும் பாலிலும் அவர் சில வாரங்களில் தெளிந்தார்.

மருந்துகளைக் குறித்து ஒரு எச்சரிக்கை. மனநோய்க்கும் வலிப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் அபூர்வமாய்த் தோலைக் கடுமையாகப் பாதிக்கும். புதிதாய் மாத்திரை தொடங்கியவருக்குக் காய்ச்சலும் தடிப்பும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அதேபோல் தோல் வியாதிக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தையும் மனநிலையையும் மாற்றலாம். அதைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. "ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை எதற்கு" என்று சொல்லி அனுப்புகிற கூட்டங்களுக்குப் போய்விட்டு வந்து விழுந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறோம். நாங்களும் ஜெபிக்கிறோம்; மாத்திரை வேளை வந்தால் தண்ணீரையும் எடுத்துக்கொடுக்கிறோம்.

யோபு சாம்பலில் உட்கார்ந்து ஓட்டினால் தன் சரீரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, வந்த சிநேகிதர் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல சிநேகிதர்தான். காரணம் சொல்லத் தொடங்கிய பிறகே துன்பம் கூடியது. தோல் வார்டில், "இது யார் செய்த பாவம்?" என்று எங்களைக் கேட்காத வாரம் இல்லை. எதிர்ப்புச் சக்தியைப் பற்றி டாக்டர் சொன்னதையே திரும்பச் சொல்லுகிறோம், உட்கார்ந்திருக்கிறோம்.

வேலூரில் 1957-இல் தொடங்கிய மனநல மையத்தில் வியாதியஸ்தரோடு குடும்பத்தாரும் தங்கும் முறையை ஆதிமுதல் கைக்கொண்டார்கள். எங்கள் ஆலோசகரும் வீட்டாரைச் சேர்த்தே உட்கார வைக்கிறார். ஆசிரியருடைய மனைவியைக் கூப்பிட்டு, அவருடைய முதுகுக்கு எண்ணெய்க் களிம்பு தடவும்படி கேட்டபோது, இரண்டு வருஷத்தில் அவர் அந்த முதுகைத் தொட்டதில்லை என்று தெரியவந்தது. அமெரிக்காவில் 1998-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், சொரியாசிஸுக்கு ஒளிச் சிகிச்சை பெற்ற 37 பேரில் சிலருக்கு மட்டும், விளக்குப் பெட்டிக்குள் நிற்கும் நேரத்தில் மூச்சைக் கவனித்து அமைதியாயிருக்க உதவும் ஒலிநாடாவைப் போட்டார்கள். அவர்களுக்குத் தோல் சீக்கிரமாய்த் தெளிந்தது. தியானம் என்றதும் புருவத்தை உயர்த்தும் பங்காளர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்; மூச்சு எல்லாருக்கும் பொதுதானே. ஒளிப் பெட்டி அறையில் இப்பொழுது எங்கள் நர்ஸ் ஒருவர் மெதுவான குரலில் பேசிப் பதிவுசெய்ததைப் போடுகிறோம்.

ஆசிரியரின் முழங்கைத் திட்டுகள் முழுவதும் போகவில்லை. மழைக்காலத்திலும் மனக்கவலையிலும் திரும்ப வரும். அவர் அரைக்கைச் சட்டை போட்டு மாதம் ஒருமுறை வருகிறார்.

உங்கள் சபைகளில் ஒரு காரியத்தைக் கேட்டுக்கொள்ளுகிறோம். சொரியாசிஸ், வெண்புள்ளி, கரப்பான் இவை மூன்றும் தொட்டாலோ ஒரே பாத்திரத்தில் குடித்தாலோ ஒட்டாது என்பதைப் போதகர் திருவிருந்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் சொல்லட்டும். மனச்சோர்வில் உள்ள எவரும் 14416 என்ற அரசாங்கத் தொலைபேசி எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அதையும் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடலாம். பொருளாக அனுப்ப விரும்புகிறவர்கள், துவைத்த பழைய நூல் புடவைகளையும் பெரிய டப்பா வாசலினையும் அனுப்பலாம். நைலான் துணி வேண்டாம், அது அரிக்கும்.